எல்லாப் பாட மாணவருக்கும் கணினி: 1964இல் திறந்த ஒரு கதவு

சென்ற மாதம் எங்கள் பழைய மாணவி ஒருவர் பாடசாலைக்கு வந்திருந்தார். கலைப்பீடத்தில் இறுதி வருடம். கையில் ஒரு பென்டிரைவ். அழுது முடித்த முகம். தன்னுடைய ஆய்வுக் கட்டுரையை டவுனில் உள்ள ஒரு கொமியுனிகேஷன் கடையில் காசு கொடுத்துத் தட்டச்சுச் செய்திருக்கிறார். மேற்பார்வையாளர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். பொருளடக்கத்தில் உள்ள பக்க எண்கள் உள்ளே உள்ள பக்கங்களோடு பொருந்தவில்லை. அட்டவணைகளில் கூட்டுத்தொகை பிழை. திருத்தித் தரச் சொன்னால் கடைக்காரர் மறுபடியும் காசு கேட்கிறார். சமர்ப்பிக்க இருப்பது இரண்டு கிழமை.

"நீங்க கம்பியூட்டர் படிச்ச பிள்ளதானே மகள்?" என்று கேட்டோம்.

"மூணு சேட்டிபிக்கற் இரிக்கி சேர். ஆனா இது எனக்கு ஏலாது" என்றார்.

மூன்றும் உண்மைதான். உயர்தரத்தில் பொதுத் தகவல் தொழினுட்பப் பரீட்சை சித்தி. பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த காலத்தில் ஒரு தனியார் வகுப்பில் ஆறு மாதப் பாடநெறி. கெம்பஸ் முதலாம் வருடத்தில் எல்லோருக்கும் கட்டாயமான கணினிப் பாடம். மூன்றிலும் நல்ல புள்ளி. ஆனால் தான் எழுதிய கட்டுரைக்குத் தானே பக்க எண் போடத் தெரியவில்லை.

அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. குறை எங்களிடமும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறோம். கணினித் துறையில் படிக்காத மாணவருக்கு, வரலாறும் பொருளியலும் மொழியும் படிக்கும் மாணவருக்குக் கணினியை எப்படிக் கற்பிப்பது? இந்தக் கேள்விக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. அதற்கு முதன்முதலில் முழு மனதோடு விடை தேடியவர்கள் இரண்டு கணித ஆசிரியர்கள். அவர்களுடைய கதையை எங்கள் ஊர்ப் பெற்றோரும் ஆசிரியரும் கெம்பஸ் பிள்ளைகளும் அறிந்திருப்பது நல்லது.

இடம் அமெரிக்காவின் நியூ ஹம்ப்ஷயர் மாநிலம், ஹனோவர் என்ற சிறிய ஊர். அங்கே டார்ட்மத் கல்லூரி. அதன் கணிதத் துறைக்கு 1953இல் வந்து சேர்ந்தவர் ஜோன் கெமெனி. 1926இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹிட்லரின் காலத்தில் குடும்பத்தோடு ஊரை விட்டு, 1940இல் அமெரிக்கா வந்த அகதிச் சிறுவன். ஊரை விட்டு வெளியேறுவது என்றால் என்ன என்பது எங்கள் வாசகர் பலருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிற்பாடு அவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தார். ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளராகவும் இருந்தார்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் கணக்குச் செய்யும் வேலை பார்த்தவர் அவர். அங்கே ஆட்களும் துளை அட்டை இயந்திரங்களும் இரவு பகலாக உழைத்து நீண்ட காலம் எடுத்துச் செய்த கணக்குகளை, பிற்காலத்தில் ஒரு டார்ட்மத் மாணவன் ஒரு பின்னேரத்துக்குள் செய்து முடிக்கலாம் என்று அவரே சொல்வதுண்டு.

மற்றவர் தோமஸ் கேட்ஸ். 1928இல் பிறந்தவர், புள்ளிவிபரவியலாளர். 1956இல் டார்ட்மத்துக்கு வந்தார். அப்போது அந்தக் கல்லூரியில் கணினி கிடையாது. பொஸ்டன் பக்கத்தில் எம்.ஐ.டி.யில் இருந்த ஐ.பி.எம். 704 கணினியை அயலில் உள்ள கல்லூரிகளும் பாவிக்கலாம் என்று இடம் கொடுத்திருந்தார்கள். கேட்ஸ் துளை அட்டைகளை ஒரு பெட்டியில் அடுக்கி, இரண்டு கிழமைக்கு ஒரு தடவை காலை ரயிலில் பொஸ்டன் போவார். அட்டைகளைக் கொடுத்து, விடையை வாங்கிக்கொண்டு பின்னேர ரயிலில் திரும்புவார். ஓர் அட்டையில் ஒரு துளை பிழைத்தாலும் விடை வராது. திருத்தி மறுபடி கொண்டுபோக இன்னும் இரண்டு கிழமை.

அங்கே கேட்ஸுக்கு ஒரு பாடம் கிடைத்தது. தன்னுடைய கணக்கு ஒன்றை இயந்திரத்துக்கு மிக நெருக்கமான கடினமான மொழியில் எழுதினார். அப்படி எழுதினால்தான் கணினி நேரம் மிச்சமாகும் என்பது அக்காலத்துப் பெரியவர்களின் கருத்து. மாதக்கணக்கில் மினக்கெட்டும் விடை வரவில்லை. கடைசியில் போர்ட்ரான் என்ற இலகுவான மொழியில் எழுதிக் கொடுத்தார். ஐந்து நிமிடக் கணினி நேரத்தில் வேலை முடிந்தது. மனிதருக்கு இலகுவாக இருப்பதுதான் உண்மையில் நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்று அவர் அன்று விளங்கிக்கொண்டார்.

1961இல் எம்.ஐ.டி. தன்னுடைய நூற்றாண்டைக் கொண்டாடியது. அதில் கணினியின் எதிர்காலம் பற்றிய உரைத்தொடர் ஒன்று நடந்தது. எழுத்தாளரும் விஞ்ஞானியுமான சி.பி. ஸ்னோ பேசும்போது, நாட்டின் பெரிய தீர்மானங்கள் விளக்கம் உள்ள மிகச் சிலரின் கைக்குள் போய்விடும் ஆபத்தை எடுத்துச் சொன்னார். கணினி அறிஞர் அலன் பேர்லிஸ், செய்நிரல் எழுதுவதைப் பல்கலைக்கழகத்தின் பொதுக் கல்வியில் ஒரு பகுதியாக எல்லா மாணவருக்கும் கற்பிக்க வேண்டும் என்றார். சொன்னதோடு அது நின்றுவிட்டது. செய்து காட்டியது டார்ட்மத்.

கெமெனியும் கேட்ஸும் தங்கள் மாணவரைக் கணக்குப் பார்த்தார்கள். விஞ்ஞானமும் பொறியியலும் படிப்பவர்கள் கால்வாசிப் பேர்தான். மீதி முக்கால்வாசியும் சமூகவியல், பொருளியல், வரலாறு, இலக்கியம் என்று படிப்பவர்கள். ஆனால் நாளைக்குக் கம்பனி நடத்தப்போவதும் அரசாங்கத்தில் அமர்ந்து கையெழுத்துப் போடப்போவதும் அந்த முக்கால்வாசியில் உள்ளவர்களே. கணினி என்றால் என்ன என்று தெரியாதவர்கள் கணினி பற்றிய தீர்மானங்களை எடுத்தால் நாடு என்னாகும்? இதுதான் அவர்களுடைய கேள்வி.

இந்த முக்கால்வாசிப் பேரைக் கணினி அருகே வரவிடாமல் தடுப்பவை எவை என்று பார்த்தார்கள். ஒன்று, காத்திருப்பு. அட்டையைக் கொடுத்துவிட்டு நாட்கணக்கில் காத்திருக்க இலக்கியம் படிக்கும் மாணவன் வரமாட்டான். இரண்டாவது, மொழி. அன்றைய கணினி மொழிகள் விஞ்ஞானிகளுக்கென்றே செய்தவை. மூன்றாவது, அனுமதி. கணினி அறை பூட்டிய அறை. உள்ளே போக ஆள் பார்த்துத்தான் விடுவார்கள்.

மூன்றையும் ஒன்றாக நீக்கினார்கள்.

காத்திருப்புக்கு அவர்கள் கண்ட தீர்வு நேரப் பகிர்வு. டார்ட்மத்தில் முன்பு பணியாற்றிய ஜோன் மக்கார்த்தி எம்.ஐ.டி.யில் இருந்துகொண்டு கேட்ஸுக்குச் சொன்ன யோசனை அது. எங்கள் சின்னக் கிராமப் பாடசாலைகளில் ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்பைச் சேர்த்துப் பார்ப்பது போல இதை நினைத்துக்கொள்ளலாம். ஒரு வகுப்புக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போவார், பிறகு திரும்பி வருவார். கணினி இதை மிக வேகமாகச் செய்வதால், முன்னால் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அது தனக்கு மட்டும் வேலை செய்வது போலத் தோன்றும். இப்படி ஒரே கணினியில் பலர் ஒரே நேரத்தில் வேலை பார்க்கலாம்.

மொழிக்கு அவர்கள் உண்டாக்கியது பேசிக். மொத்தமாகப் பத்துப் பதினைந்து கட்டளைகள்தான். எல்லாம் சாதாரண ஆங்கிலச் சொற்கள். பிழை விட்டால் என்ன பிழை என்று உடனே சொல்லும்.

அனுமதிக்கு அவர்கள் பார்த்த உதாரணம் நூலகம். நூலகத்தில் மாணவன் அலுமாரிக்கு நேரே போய்ப் புத்தகம் எடுக்கிறான். எதற்கு இந்தப் புத்தகம், படித்தால் விளங்குமா என்று யாரும் கேட்பதில்லை. கணினியும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார் கெமெனி. மாணவருக்குக் கட்டணம் இல்லை, காரணம் சொல்லத் தேவையில்லை.

1964 ஆரம்பத்தில் ஜெனரல் இலெக்ட்ரிக் கம்பனியின் கணினிகள் வந்து சேர்ந்தன. தேசிய விஞ்ஞான மன்றம் நிதி கொடுத்தது. அந்த மன்றத்துக்கு முதலில் ஒரு சந்தேகம் இருந்தது. இவ்வளவு சிக்கலான வேலையை இளங்கலை மாணவரை வைத்து எப்படிச் செய்வீர்கள் என்று. ஆனால் 1959இல் வாங்கிய ஒரு சின்னக் கணினியில் தங்கள் மாணவர் என்னென்ன செய்தார்கள் என்பது இந்த இரண்டு ஆசிரியர்களுக்கும் தெரியும். பிள்ளைகளை நம்பினார்கள். செய்நிரல்களின் பெரும் பகுதியை எழுதியவர்கள் மாணவர்களே. 1964 மே 1ஆம் திகதி அதிகாலை 4 மணிக்கு, அருகருகே இருந்த முனையங்களில் ஒரே நேரத்தில் பேசிக் செய்நிரல்கள் ஓடிச் சரியான விடை வந்தது.

அவர்கள் எப்படிக் கற்பித்தார்கள் என்பதுதான் எங்களுக்கு மிக முக்கியம். "கணினி அறிவு" என்று தனியாக ஒரு பாடம் வைக்கவில்லை. பெரும்பாலான மாணவர் முதலாம் வருடத்தில் எப்படியும் எடுக்கும் கணிதப் பாடத்துக்குள் அதை வைத்தார்கள். இரண்டு மூன்று விரிவுரை மட்டும். அதற்குப் பிறகு, அந்தப் பாடத்தின் கணக்குகள் சிலவற்றைக் கணினியில் செய்து வர வேண்டும். மாணவர் தாமாகவே முனையத்தின் முன் அமர்ந்து, பிழை விட்டு, திருத்தி, விடை எடுத்தார்கள். விடை சரியா என்று பார்க்கும் வேலையையும் கணினியே செய்தது. இப்படி சில வருடங்களுக்குள் புதிதாக வரும் மாணவரில் 80 வீதமானோர் கணினி பழகியவர்களாக ஆனார்கள்.

அதன்பின் அவரவர் தத்தமது பாடத்துக்கு அதைக் கொண்டுபோனார்கள். விரிவுரையாளரும் பின்தொடர்ந்தார்கள். விளையாடவும் செய்தார்கள். அதைக் கெமெனி தடுக்கவில்லை. அமெரிக்க ஃபுட்போல் விளையாட்டு ஒன்றை அவரே பேசிக்கில் எழுதி விட்டிருந்தார். விளையாட வந்த பிள்ளை பயம் தெளிந்து வேலைக்கும் வரும் என்பது ஆசிரியர்களாகிய எங்களுக்குத் தெரியாத சங்கதியா? தொலைபேசிக் கம்பி வழியாகச் சுற்றுவட்டாரப் பாடசாலைகளுக்கும் முனையங்கள் போயின.

இந்தக் கதையில் குறையும் உண்டு. டார்ட்மத் வசதியான கல்லூரி, அரசாங்கப் பணமும் கிடைத்தது. 1972 வரைக்கும் அங்கே பெண்களைப் பட்டப்படிப்புக்குச் சேர்க்கவில்லை. "எல்லா மாணவருக்கும்" என்றது அதுவரை ஆண் மாணவருக்கு மட்டும்தான். பெண்களுக்குக் கதவைத் திறந்தபோது கல்லூரியின் தலைவராக இருந்தவரும் அதே கெமெனிதான். 1970 முதல் 1981 வரை அந்தப் பதவியில் இருந்துகொண்டே வகுப்பும் எடுத்தார். 1992இல் காலமானார். கேட்ஸ் காலமானது அண்மையில், 2024 நவம்பரில்.

பிறகு காலம் மாறியது. 1975இல் பில் கேட்ஸும் போல் அலனும் ஒரு சின்னக் கணினிக்குப் பேசிக்கை எழுதிக் கொடுத்து மைக்ரோசொப்ட் கம்பனியைத் தொடங்கினார்கள். 1980களில் கணினி மேசைக்கு வந்தது. செய்நிரல் எழுதத் தெரியாமலே கடிதம் அடிக்கலாம், கணக்குப் போடலாம் என்றானது. பல்கலைக்கழகங்களின் பொதுக் கணினிப் பாடமும் மாறியது. எந்தப் பட்டனை அழுத்தினால் எழுத்துத் தடிக்கும், எந்த மெனுவில் அட்டவணை இருக்கும் என்ற பட்டியலாக அது சுருங்கியது. மென்பொருளின் அடுத்த பதிப்பு வந்தால் அந்தப் பட்டியல் பழசாகிவிடும்.

1999இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி சபை இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. வொஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லோரன்ஸ் ஸ்னைடர் தலைமையிலான குழு அதைத் தயாரித்தது. ஒருவர் கணினியைச் சரளமாகக் கையாள மூன்று வேண்டும் என்றது அந்த அறிக்கை. இன்றைய மென்பொருளைப் பாவிக்கும் திறன். கணினியும் வலையமைப்பும் எப்படி வேலை செய்கின்றன என்ற அடிப்படை விளக்கம். பிரச்சினை வந்தால் கலங்காமல் யோசித்துத் தீர்க்கும் ஆற்றல். முதலாவது விரைவில் பழசாகும், மற்ற இரண்டும் ஆயுளுக்கும் உதவும். இவற்றை மாணவர் தமது பாடத்தோடு சேர்ந்த வேலைகள் வழியாகவே பழக வேண்டும் என்றும் சொன்னது. டார்ட்மத்தில் 1964இல் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

எங்கள் நாட்டிலும் இந்த வழியில் நடந்தவர்கள் இருக்கிறார்கள். கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வி.கே. சமரநாயக்க (1939–2007) கெமெனியைப் போலவே கணிதத்திலிருந்து கணினிக்கு வந்தவர். நாட்டின் கணினிக் கல்விக்கு அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர். கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய வெளிவாரித் தகவல் தொழினுட்பப் பட்டம், பல்கலைக்கழக அனுமதி கிடைக்காத எத்தனையோ பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது.

உயர்தரத்தில் கலை, வர்த்தகம், விஞ்ஞானம் எதைப் படித்தாலும் 12ஆம் தரத்தில் பொதுத் தகவல் தொழினுட்பம் உண்டு. 2010இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய "இருபத்தோராம் நூற்றாண்டுக்கான உயர்கல்வி" திட்டமும் பல்கலைக்கழக மாணவரின் ஆங்கிலத்துக்கும் தகவல் தொழினுட்பத் திறனுக்கும் பணம் ஒதுக்கியது. ஆகவே இந்த நாட்டில் யாரும் இதை யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பாடத்திட்டம் இருக்கிறது, பரீட்சையும் இருக்கிறது.

அப்படியென்றால் எங்கள் மாணவிக்கு ஏன் ஏலாமல் போனது?

இப்போது எங்கள் குறைக்கு வருகிறோம்.

பாடசாலைக்குக் கணினிகள் வந்த நாள் எங்களுக்கு நல்ல ஞாபகம். பெரிய விழா எடுத்தோம். ரிப்பன் வெட்டினோம், போட்டோ பிடித்தோம். அடுத்த நாள் எல்லாவற்றுக்கும் துணி உறை தைத்துப் போட்டோம். அறைக்கு இரண்டு பூட்டு. சாவி அலுவலகத்தில். பிள்ளைகளுக்குக் கிழமைக்கு ஒரு பாடவேளை, ஒரு கணினிக்கு மூன்று பேர். மவுஸைப் பிடிப்பவர் எப்போதும் ஒருவர்தான், மற்ற இருவரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கலைப்பிரிவுப் பிள்ளைகள் பாடவேளைக்கு வெளியே வந்து கேட்டால், "உங்களுக்கு எதுக்கு? ஐ.சி.ரி. பிள்ளைகளுக்கே நேரம் போதாது" என்று அனுப்பினோம். பெண் பிள்ளைகள் இரண்டாம் தடவை வந்து கேட்கவும் மாட்டார்கள்.

பழுதாகிவிடும் என்ற பயம்தான் காரணம். பழுதானால் ஆசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் பூட்டி வைத்ததும் மிஞ்சவில்லை. மாரிகாலத்து ஈரத்தில் சில போயின. யூ.பி.எஸ். பற்றரிகள் பாவிக்காமலே செத்தன. பிள்ளைகள் பாவித்துப் பழுதானவை இரண்டோ மூன்றோதான்.

இந்த மாணவியும் அந்த அறைக்கு வெளியே நின்றவர்களில் ஒருவர். அவருக்கு நாங்கள் கொடுத்தது பரீட்சைக்கு உரிய குறிப்பு. "சொல்முறைவழிப்படுத்தலின் நன்மைகள் ஐந்து தருக" என்று கேட்டால் ஐந்தும் எழுதுவார். எழுதி எழுதி மூன்று சான்றிதழ் எடுத்துவிட்டார். தனக்கென்று ஒரு வேலையைக் கணினியில் செய்து முடிக்க அவருக்கு ஒரு தடவைகூட இடம் கிடைக்கவில்லை.

அதனால் அவருடைய கட்டுரையை நாங்கள் திருத்திக் கொடுக்கவில்லை. இரண்டு சனிக்கிழமை காலையில் வரச் சொன்னோம். அறையைத் திறந்து, அவரை மவுஸில் அமர்த்தி, நாங்கள் பக்கத்தில் இருந்தோம். தலைப்புகளைத் தலைப்பு என்று கணினிக்கு அடையாளம் காட்டினால் பொருளடக்கத்தை அதுவே போட்டுவிடும் என்று கண்டபோது, "இவ்வளவுதானா சேர்?" என்றார். நூற்றுச்சொச்சம் வினாக்கொத்துகளின் விடைகளையும் விரிதாளில் அவரே ஏற்றினார். கூட்டுத்தொகை ஏன் பிழைத்தது என்பதையும் அவரே கண்டுபிடித்தார். கடையில் ஒரு வரிசையை இரண்டு தடவை அடித்திருக்கிறார்கள். இரண்டாம் சனிக்கிழமை தன்னுடைய தோழி ஒருவரையும் கூட்டிவந்து, அவருக்கு இவரே சொல்லிக் கொடுத்தார். கட்டுரை உரிய நாளில் போய்ச் சேர்ந்தது.

மூன்று சான்றிதழ் கொடுக்காததை இரண்டு காலைப்பொழுது கொடுத்தது. நாங்கள் கெட்டிக்காரர் என்பதால் இல்லை. அது அவருடைய சொந்த வேலை, அவருடைய சொந்தப் பிழை, கதவும் திறந்திருந்தது.

ஊர் மக்களிடம் மூன்று விடயம் கேட்கிறோம்.

பெற்றோரே, ஏ.எல். முடித்த பிள்ளையை இன்னொரு சான்றிதழுக்கு அனுப்ப முன்னர், அந்த வகுப்பில் பிள்ளை தனியாக ஒரு கணினியில் எவ்வளவு நேரம் இருக்கும், என்ன வேலையைத் தானாகச் செய்து முடிக்கும் என்று கேளுங்கள். சுவரில் மாட்டும் படத்துக்காகக் காசு கட்ட வேண்டாம். கலைப்பிரிவுப் பிள்ளைக்கு, அதிலும் பெண் பிள்ளைக்கு, கணினி எதற்கு என்றும் நினைக்க வேண்டாம். நாளைக்குப் பிரதேச செயலகத்திலும் பாடசாலையிலும் வங்கியிலும் அமரப்போவது அந்தப் பிள்ளைகள்தான்.

லீவில் ஊருக்கு வரும் கெம்பஸ் தம்பி தங்கச்சிமாரே, ஒரு சனிக்கிழமை வந்து எங்களோடு இருங்கள். பாடம் நடத்தத் தேவையில்லை. பிள்ளை மவுஸைப் பிடித்திருக்கும்போது பக்கத்தில் இருந்தால் போதும். டார்ட்மத்தில் அந்த வேலையைத் தூக்கிச் சுமந்தவர்களும் உங்கள் வயதுப் பிள்ளைகளே.

பழைய மாணவர் சங்கத்தாரே, இப்போதைக்குப் புதிய கணினி கேட்கவில்லை. இருப்பவற்றில் ஓடக்கூடியவை பதினொன்று. சனிக்கிழமை மின்சாரச் செலவுக்கும், பழுதானால் திருத்தவும் ஒரு சின்ன நிதி போதும். பழுதாகும், அதை இப்போதே சொல்லிவிடுகிறோம். பழுதானால் எந்தப் பிள்ளையிடமும் கணக்குக் கேட்க மாட்டோம் என்று ஆசிரியர்கள் கூடித் தீர்மானித்திருக்கிறோம்.

வரும் சனிக்கிழமை காலை 8.30க்கு அறை திறந்திருக்கும். எந்தப் பாடம் படிக்கிறீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். செய்ய வேண்டிய உங்கள் சொந்த வேலை ஒன்றைக் கொண்டு வாருங்கள்.